ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன் ஸ்பிரிங்: எது மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, உயரத்தைச் சரிசெய்வது எப்படி

வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை நீங்கள் சமீபத்தில் வாங்கியிருந்தால், அதன் முன்பக்கம் தூக்கலாக நின்றாலோ ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பைப் பதம் பார்த்தாலோ, இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். என் காரில் இதே கோளாறு இருந்தது. காட்டிய இடத்திலெல்லாம் "ஷாக் போயிடுச்சு சார்" என்றார்கள். இரண்டு முறை ஷாக் அப்சார்பர் மாற்றினேன், டயர் மாற்றினேன். எட்டு மாதம் கழித்துத்தான் ஸ்பிரிங்கையே கழற்றி அளந்து பார்த்தேன். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஸ்பிரிங் அது. என் காருக்குத் தேவையானதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பு.

நம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். ஹெரால்ட், விட்டெஸ், ஸ்பிட்ஃபயர், ஜி.டி.6 ஆகிய டிரையம்ப் கார்களின் முன் சஸ்பென்ஷன் ஒரே குடும்பம். ஒன்றின் ஸ்பிரிங் மற்றொன்றில் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் விட்டெஸிலும் ஜி.டி.6இலும் இருப்பது ஆறு சிலிண்டர் எஞ்சின். அந்த எடைக்குச் செய்த ஸ்பிரிங்கை நம் 948 சி.சி. எஞ்சினுக்குக் கீழே வைத்தால் மூக்கு மேலே போகத்தான் செய்யும். பெட்டியில் ஒட்டிய பெயரையும் பெயின்ட் நிறத்தையும் நம்ப வேண்டாம். அளந்து பார்ப்பது ஒன்றுதான் வழி.

1. கழற்றுவதற்கு முன் நிற்கும் உயரத்தை எழுதி வையுங்கள்

சமதளமான ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, நான்கு சக்கரமும் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லா அளவும் அதே இடத்தில்தான் எடுக்க வேண்டும். டயர் காற்றைச் சரிபார்த்து, காரை ஐந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு நிறுத்துங்கள். உருட்டாமல் அளந்தால் அளவு பொய் சொல்லும். ஹெரால்டின் பின் அச்சு ஊஞ்சல் போல ஆடுகிற வகை. ஜாக்கியில் தூக்கி இறக்கியவுடன் பின்சக்கரங்கள் உள்ளே மடங்கியபடியே நிற்கும். உருட்டினால்தான் தம் நிலைக்கு வரும்.

சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளவெடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் குறுக்கே வரும். ஓட்டுநர் இருக்கையில் ஆள் எடைக்குப் பாரம் வைத்து இன்னொரு முறை அளக்க வேண்டும். நான் 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை வைத்தேன்.

இதே நாளில் பக்கத்தில் உள்ள லாரி எடைமேடைக்கும் போய்விடுங்கள். முதலில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழுக்காருக்கு ஒரு சீட்டு. இரண்டுக்கும் சேர்த்து எனக்கு 150 ரூபாய் ஆனது. பல மேடைகள் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், நம் வேலைக்கு அது போதும். அந்த முன்பக்க எடை படி 5இல் தேவைப்படும்.

2. கழற்றுவது: உயிருக்கே ஆபத்தான இடம் இதுதான்

ஹெரால்டின் பானெட் மொத்தமும் முன்பக்கமாகச் சாய்வதால் எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஸ்பிரிங்கும் அதற்குள் ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுப்பு. மேலே மூன்று நட்டு, கீழே விஷ்போனில் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை போன்ற பாகம்) ஒரு நீள போல்ட்.

மேல் தட்டின் நடுவில் ஷாக்கின் தண்டில் ஒரு நட்டு தெரியும். அதைக் காரில் இருக்கும்போது தொடவே தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பதே அந்த நட்டுதான். அதைக் கழற்றினால் தட்டும் ஸ்பிரிங்கும் முகத்தை நோக்கி வரும். சுற்றியுள்ள மூன்றை மட்டும் கழற்ற வேண்டும்.

காரை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பிக் கீழே கை விடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றியதும், கீழ் விஷ்போனுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியோ மரக்கட்டையோ கொடுங்கள். விஷ்போன் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்து வைத்திருப்பது ஷாக்தான். அதை எடுத்துவிட்டால் மொத்தப் பாரமும் பிரேக் ஹோஸில் தொங்கும். என் காரில் ஒரு ஹோஸ் இப்படித்தான் வெடிப்பு விட்டது.

தொகுப்பு வெளியே வந்த பிறகு ஸ்பிரிங்கைப் பிரிக்க அமுக்கும் கருவி வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் இரண்டு கொக்கிக் கருவி பெரிய ஸ்பிரிங்குகளுக்கானது. இந்தச் சிறிய விட்டத்தில் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும். தட்டு வைத்து அமுக்கும் நிலையான பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நான் இரண்டு தொகுப்புக்கும் சேர்த்து 600 ரூபாய் கொடுத்தேன். தயவுசெய்து இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

3. கையில் இருப்பது என்ன ஸ்பிரிங்?

முதலில் ஷாக்கின் உடலைப் பாருங்கள். ஸ்பிரிங்கின் அடி உட்காரும் தட்டு அசையாமல் நிலையாக இருந்தால், அசல் வகை. உடலில் மரை வெட்டி, அதில் திருகி ஏற்றி இறக்கும் வளையம் இருந்தால், பின்னால் வாங்கி மாட்டிய வகை. இரண்டாவது வகைக்கென்று வரும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் உள்விட்டம் குறைந்தவை. அசல் தட்டில் அவை உட்காராது. ஆகவே ஸ்பிரிங்கை மட்டும் தனியாக வாங்குமுன் ஷாக் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஸ்பிரிங்கின் மேல் எண் அச்சடித்திருக்கிறதா என்று துணியால் துடைத்துத் தேடுங்கள். உதாரணமாக எய்பாக் நிறுவனத்தின் ஸ்பிரிங்கில் 0800.250.0500 என்று இருந்தால், நீளம் 8 அங்குலம், உள்விட்டம் 2.5 அங்குலம், விறைப்பு (ஓர் அங்குலம் அமுக்கத் தேவைப்படும் பாரம்) அங்குலத்துக்கு 500 பவுண்டு. 140-60-0080 என்றால் நீளம் 140 மி.மீ., உள்விட்டம் 60 மி.மீ., விறைப்பு மி.மீ.க்கு 80 நியூட்டன். இந்த இரண்டு அலகையும் குழப்பிக்கொண்டு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். மாற்றும் கணக்கு இது: மி.மீ.க்கு 1 கிலோ என்பது அங்குலத்துக்கு 56 பவுண்டு, மி.மீ.க்கு 1 நியூட்டன் என்பது 5.7 பவுண்டு.

எண் எதுவும் இல்லையென்றால் நான்கு அளவுகள் எடுக்க வேண்டும்.

கம்பியின் கனம். இதை வெர்னியரில் எடுங்கள். அதற்கு முன், அளக்கும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் உலோகம் தெரியும் வரை தேய்த்துவிட வேண்டும். காரணத்தை அடுத்த படியில் பார்ப்போம்.

வெளிவிட்டம். இதிலிருந்து கம்பியின் கனத்தைக் கழித்தால் கிடைப்பது நடுவிட்டம். கணக்குக்கு வேண்டியது நடுவிட்டம்தான்.

வேலை செய்யும் சுற்றுகள். மொத்தச் சுற்றுகளை எண்ணி, நுனி படுத்து அடுத்த சுற்றோடு ஒட்டியிருக்கும் ஒவ்வொரு முனைக்கும் ஒன்றைக் கழியுங்கள். இரு முனையும் அப்படி இருந்தால் இரண்டைக் கழிக்க வேண்டும்.

கழற்றி வைத்த நீளம். இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அவை ஜோடி இல்லை, அல்லது ஒன்று அமர்ந்துபோய்விட்டது. சுற்றுகளின் இடைவெளி ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தால், அமுங்க அமுங்க விறைக்கும் வகை அது. அதற்குக் கீழே சொல்லும் கணக்கு பொருந்தாது, நேரடிச் சோதனைதான்.

முனையையும் பாருங்கள். அறுத்த அடையாளம் இருந்தாலோ கம்பி நீலம் பாய்ந்து இருந்தாலோ யாரோ வெட்டியிருக்கிறார்கள், அல்லது கேஸ் வெல்டிங்கில் சூடாக்கி இறக்கியிருக்கிறார்கள். சூடாக்கினால் எஃகின் பதம் போய்விடும். அப்படிப்பட்ட ஸ்பிரிங்கை மறுபடியும் காரில் மாட்டாதீர்கள்.

4. விறைப்பைக் கண்டுபிடிப்பது

கணக்கு இவ்வளவுதான். எல்லா அளவும் மி.மீ.யில் இருக்கட்டும். கம்பி கனத்தை நான்கு முறை எழுதிப் பெருக்கி (கனம் × கனம் × கனம் × கனம்), அதை எஃகுக்கான எண்ணான 79,000ஆல் பெருக்குங்கள். பிறகு நடுவிட்டத்தை மூன்று முறை எழுதிப் பெருக்கி (விட்டம் × விட்டம் × விட்டம்), அதை 8ஆலும் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால், மி.மீ.க்கு எத்தனை நியூட்டன் என்பது வரும். அதை 9.8ஆல் வகுத்தால் மி.மீ.க்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும்.

கம்பி 11 மி.மீ., நடுவிட்டம் 80 மி.மீ., சுற்று 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை மி.மீ.க்கு 3.6 கிலோ. இப்போது அதே ஸ்பிரிங்கின் கம்பியை, பெயின்ட்டோடு சேர்த்து 11.5 என்று அளந்துவிட்டால் விடை 4.3 கிலோ. அரை மி.மீ. தவறு விறைப்பில் 20 சதவீதமாக வந்து நிற்கிறது. உப்புத்தாள் இதற்குத்தான். என் காரில் கிடைத்தது 12.5 மி.மீ. கம்பி, அதே நடுவிட்டம், அதே சுற்றுகள். கணக்குப்படி 6 கிலோ, அதாவது 330 பவுண்டுக்குச் சற்று மேல். பந்தயப் பாதைக்கு ஓட்டுபவர்கள் கேட்டு வாங்கும் விறைப்பு அது.

கணக்கோடு நிறுத்தாமல் ஒரு சோதனையும் செய்துவிடுங்கள். பொறியியல் கல்லூரிகளின் மெக்கானிக்கல் ஆய்வகத்தில் ஸ்பிரிங் சோதனைக் கருவி இருக்கும். துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டதில், எனக்கு ஒரு வாரத்தில் அனுமதி கிடைத்தது, கட்டணம் வாங்கவில்லை. 25, 50, 75 மி.மீ. என்று அமுக்கி ஒவ்வொன்றுக்கும் எடையைக் குறியுங்கள். முதல் சில மி.மீ.யில் முனைகள் படியும் என்பதால் அதை விட்டுவிட்டு, 25க்கும் 75க்கும் இடையிலான எடை வித்தியாசத்தை 50ஆல் வகுப்பதுதான் சரியான விடை.

5. உங்கள் காருக்கு எவ்வளவு வேண்டும்?

ஸ்பிரிங் விஷ்போனின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, சக்கரம் அதன் நுனியில். சக்கரம் நகரும் அளவுக்கு ஸ்பிரிங் நகராது. விஷ்போனின் உள் கீலிலிருந்து ஷாக் போல்ட் வரை அளந்து, அதை உள் கீலிலிருந்து வெளி நுனியில் உள்ள டிரனியன் (சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு மரையில் உட்காரும் பாகம்) வரையான தூரத்தால் வகுங்கள். விடை 0.65 என்று வந்தால், சக்கரத்தில் தெரியும் விறைப்பு ஸ்பிரிங் விறைப்பில் 0.65 × 0.65, அதாவது 0.42 மடங்கு மட்டுமே.

எடைமேடையில் முன்பக்கம் 440 கிலோ என்று வந்திருந்தால், ஒரு சக்கரத்துக்கு 220. அதில் சக்கரம், பிரேக் போன்றவற்றுக்குச் சுமார் 30 கிலோவைக் கழித்தால் 190. அதை 0.65ஆல் வகுத்தால் ஸ்பிரிங் தாங்கும் பாரம் ஏறத்தாழ 292 கிலோ. 3.6 கிலோ ஸ்பிரிங் இந்தப் பாரத்தில் 81 மி.மீ. அமுங்கும், 6 கிலோ ஸ்பிரிங் 49 மி.மீ. மட்டும்தான். நீளம் இரண்டுக்கும் ஒன்று என்றால், சக்கரத்தில் பார்க்கும்போது கார் கிட்டத்தட்ட 5 செ.மீ. தூக்கி நிற்கும். என் காரின் தூக்கலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சவாரி எப்படி இருக்கும் என்பதையும் இதே எண்கள் சொல்லிவிடும். 3.6 கிலோவில் கார் நிமிடத்துக்குச் சுமார் 85 முறை ஆடும், 6 கிலோவில் 109. நம் ஊர்ச் சாலைக்கும் குடும்பத்தோடு போவதற்கும் 80க்கும் 90க்கும் நடுவில் இருப்பது நல்லது என்பது என் அனுபவம்.

சிலர் தூக்கலைக் குறைக்க ஒரு சுற்றை வெட்டச் சொல்வார்கள். எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 14 சதவீதம் கூடும். உயரம் குறையும், ஆனால் இடி இன்னும் மோசமாகும்.

6. வாங்குவதும் செய்யச் சொல்வதும்

இரண்டு வழிகள் உண்டு. இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது ஒன்று. ஸ்பிரிங் கனமானது என்பதால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து ஸ்பிரிங் விலையைத் தாண்டிவிடும். எனக்கு ஒரு ஜோடிக்குக் கிட்டத்தட்ட 17,000 ரூபாய், ஐந்து வாரம் என்று கணக்கு வந்தது. கூரியர் நிறுவனம் ஆதார், பான் நகல் கேட்கும். ரசீதில் பொருளின் பெயரும் விலையும் தெளிவாக இல்லையென்றால் சுங்கத்தில் கிடக்கும்.

நான் போனது இரண்டாவது வழி. சென்னையில் தொழிற்பேட்டைப் பக்கம் அளவு கொடுத்தால் ஸ்பிரிங் சுற்றித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. ஜோடி 5,200 ரூபாய், பன்னிரண்டு நாள். வாயால் சொல்லாமல் தாளில் படம் போட்டுக் கொடுங்கள்: கம்பி கனம், நடுவிட்டம், மொத்தச் சுற்று, வேலை செய்யும் சுற்று, நீளம், முனை எப்படி, விறைப்பு எவ்வளவு. ஷாட் பீனிங் (சிறு எஃகு மணிகளை வேகமாக அடித்து மேற்பரப்பை உறுதியாக்குவது) செய்யச் சொல்லுங்கள். அது கம்பியின் ஆயுளைக் கூட்டும். அனுப்புமுன் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும் வரை மூன்று முறை முழுதாக அமுக்கிவிட்டு, அதன் பிறகுள்ள நீளத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்காமல் விட்டால் ஸ்பிரிங் காரில் மாட்டிய பிறகு அமர்ந்து உயரம் குறையும். பழைய மாதிரியைக் கொடுத்து "இதே மாதிரி" என்று கேட்டால், அதில் இருக்கும் தவறும் அப்படியே வரும்.

புதுப்பேட்டையில் கிடைக்கும் "ஹெரால்ட் ஸ்பிரிங்" எதையும் வெர்னியர் இல்லாமல் வாங்காதீர்கள்.

பணம் கொடுக்குமுன் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். ஷாக் முழுதாக அமுங்கும் நிலையில் சுற்றுகள் முட்டிக்கொள்ளக் கூடாது. 11 மி.மீ. கம்பியில் மொத்தம் 10 சுற்று என்றால் 110 மி.மீ.யில் முட்டிவிடும், ஷாக் அதற்குப் பத்து மி.மீ. முன்னதாகவே நிற்க வேண்டும். அதே போல, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தட்டில் தளராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குட்டையான விறைப்பு ஸ்பிரிங்குகளில் இது தவறிப்போய்க் கடகடவென்று சத்தம் வரும்.

7. பொருத்தி உயரத்தைச் சரிசெய்வது

மாட்டும்போது விஷ்போன் புஷ்களின் (கீல்களில் உள்ள ரப்பர் உறைகள்) போல்ட்டுகளை இறுக்கிவிடாதீர்கள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். கார் தூக்கலாகத் தெரியும், சில மாதத்தில் புஷ் கிழிந்தும் போகும். லூசாக வைத்து, இறக்கி, உருட்டி, பாரம் ஏற்றிய பிறகுதான் முழு இறுக்கம். எத்தனையோ பட்டறையில் இதைச் செய்வதே இல்லை. கூடவே நின்று கேளுங்கள்.

மரை வளையம் உள்ள ஷாக் என்றால், வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் விறைக்கும் என்று நினைக்க வேண்டாம். உயரம் மட்டும்தான் மாறும். காரின் பாரம் இருக்கும்போது திருப்பினால் மரை போய்விடும். ஜாக்கியில் தூக்கி, மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கொக்கி ஸ்பானரால் திருப்புங்கள். எத்தனை திருப்பு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஒரு திருப்புக்கு 2 மி.மீ. என்றால், ஐந்து திருப்பில் ஸ்பிரிங் 10 மி.மீ., சக்கரத்தில் சுமார் 15 மி.மீ. வேலை முடிந்ததும் பூட்டும் வளையத்தை இறுக்கி, பழைய சைக்கிள் டியூப்பை உறை போல இழுத்து மாட்டி வையுங்கள். கடற்காற்று உள்ள ஊரில் இரண்டு மழைக்காலத்தில் வளையம் மரையோடு ஒட்டிப்போகும்.

நிலையான தட்டு என்றால் ஸ்பேசர் வளையம்தான். 6 மி.மீ. வளையம் சக்கரத்தில் 9 மி.மீ. உயரம் தரும். இரு பக்கமும் 5 மி.மீ.க்குள் வந்துவிட்டால் அதற்கு மேல் நோண்ட வேண்டாம்.

ஷாக்கின் மென்மையை மாற்றும் திருகு இருந்தால் மிக மென்மையான நிலையில் தொடங்கி, தெரிந்த ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டுங்கள்.

அப்புறம், இவ்வளவு கழற்றியிருக்கும்போதே டிரனியனுக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். கிரீஸ் வேண்டாம், இ.பி. 90 கியர் ஆயில். உள்ளே காய்ந்து துருப்பிடித்தால் மேலே உள்ள தண்டு மரையில் முறிந்து சக்கரம் மடங்கும்.

8. கேம்பரும் டோவும்

சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர், சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது டோ. உயரம் மாறினால் இரண்டும் மாறும். கீழ் விஷ்போனின் உள் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஷிம்கள் என்னும் மெல்லிய தகடுகள் இருக்கும். இரண்டு பிராக்கெட்டிலும் சமமாகச் சேர்த்தால் சக்கரத்தின் அடி வெளியே தள்ளப்பட்டு, மேல்பக்கம் உள்ளே சாயும். ஒன்றில் மட்டும் சேர்த்தால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கெடும். டோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அலைன்மென்ட் கடையின் கணினியில் ஹெரால்ட் இருக்காது. கையேட்டில் உள்ள அளவை நகல் எடுத்துக் கையில் கொண்டுபோங்கள். எனக்கு 700 ரூபாய் ஆனது.

பின்பக்கத்தில் குறுக்காக இருக்கும் பட்டை ஸ்பிரிங்கைத் தனிக் கருவி இல்லாமல் தொடாதீர்கள். ஆனால் பார்வையிடுங்கள். பின்பக்கம் தூக்கி, சக்கரங்களின் அடி உள்வாங்கி நின்றால் அது அவசரமான விஷயம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது அந்தச் சக்கரம் இன்னும் மடங்கி, கார் சுழன்றுவிடும்.

9. காகிதங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் ஜனவரி 2019இல் இதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி.யில் ஸ்பிரிங்குக்கென்று வரி கிடையாது. ஆனால் அதற்காகச் சேசிஸில் வெட்டுவது, வெல்டிங் வைப்பது எதுவும் செய்யாதீர்கள். ஐம்பது வருடம் கடந்த கார்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். சேசிஸ், பாடி, எஞ்சின் மாறியிருக்கக் கூடாது. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் காரைத் தினசரி ஓட்ட முடியாது.

சாதாரண ஆர்.சி. புதுப்பித்தல் என்றால் படிவம் 25, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று. காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் சமீப வருடங்களில் இரண்டு முறை உயர்ந்திருப்பதால் பரிவாஹன் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். அந்த 60 நாளுக்குள் ஸ்பிரிங் வேலையைத் தொடங்காதீர்கள். பட்டறை தாமதித்தால் வண்டியைக் காட்டவே முடியாமல் போகும். என் வேலை, அளந்த நாளிலிருந்து அலைன்மென்ட் வரை ஏழு வாரம் எடுத்தது.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே சாக்பீஸ் குறியில் நிறுத்தி மறுபடியும் உயரம் அளந்து, எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கில் கம்பி கனம், சுற்று, நீளம், விறைப்பு நான்கையும் ஒரு அட்டையில் எழுதிக் கட்டி வையுங்கள். என்னுடைய 6 கிலோ ஜோடியை, அந்த அட்டையைப் பார்த்துத்தான் விட்டெஸ் வைத்திருக்கும் ஒருவர் வாங்கிப் போனார்.